வேட்டைக்காரரும் கருங்கரடியும்

இரண்டு நண்பர்கள் காட்டு வழியே சென்ற கதையை நீங்கள் கீழ் வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். எதிரே கரடி ஒன்று வருகின்றது. ஒருவன் தன் தோழனை மறந்து அருகிலிருந்த மரத்தில் விரைந்து ஏறிக்கொள்கின்றான். மரமேறத் தெரியாத மற்றவன் மூச்சை அடக்கிக்கொண்டு பிணம்போலத் தரையிற் கிடக்கின்றான். கரடி அவன் முகத்தையும் காதையும் முகர்ந்து பார்த்து, இறந்தவன் என்று எண்ணி அப்பாற் செல்கின்றது. நட்பின் இயல்பை விளக்க எழுந்த கதை அது. அந்த அளவில் நல்ல கதையே. யானும் அதனைப் பல்லாண்டு பிள்ளைகளுக்குக் கற்பித்ததுண்டு. ஆனால், கரடியின் இயல்பை அறிவதற்கு அக்கதையையே நம்பி ஒருவன் வட அமெரிக்கக் காடுகளுக்குள் புகுவானாயின் பெரிதும் இடர்ப்படுவான். அங்கு வாழும் கருங்கரடி மரமேறுவதில் மனிதனை எளிதில் வெல்லும். பிணத்தைக் கண்டு அது ஒதுங்குவதும் இல்லை. செத்த விலங்கின் ஊனும் அதற்கு உணவே. ஆகவே, அக்கதையில் வரும் நண்பர் இருவர் செய்ததும் அங்கே பிழையாகும்.

ஆண்டுதோறும் இலையுதிர் காலம் வந்ததும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் இலட்சக்கணக்கானோர் அரசினரிடம் உரிமச்சீட்டுப் பெற்று வேட்டைக்குச் செல்கின்றனர். மானை நாடிச் செல்வோரே மிகப் பலர்; கரடியையே நாடிச் செல்வோரும் உளர். எதனை நாடிச் சென்றாலும், அவர்கள் புகும் காடுகளிற் பல கருங்கரடி வாழும் காடுகளே. இவ்வேட்டைக்காரருள் இரு சாராரைக் காணலாம். கரடி என்று கேட்ட அளவிலே நடுங்கி, அஃது அசைந்தாற்கூடத் தம்மேற் பாய வருகின்றது என்று கருதித் துப்பாக்கியை எடுப்பவர் ஒரு சாரார். கருங்கரடி ஒரு கோழைப் பிராணி, கல்லெடுத்தால் ஓடிவிடும் என்று சிறிதும் பொருட்படுத்தாதவர் மற்றொரு சாரார். முன்னவரால் கரடிகள் வீணே மாய்கின்றன. பின்னவருட் சிலர் தம் உயிரையே இழந்திருக்கின்றனர். உண்மை எத்தன்மைத்து என்பதை ஆராய்ந்து காண்போம்.

முதற்கண் அவ்விலங்கை அறிந்துகொள்ள வேண்டும். உலகில் உள்ள கரடி இனங்கள் எட்டு. அவற்றுள் எண்ணிக்கையால் மிக்கது இந்த அமெரிக்கக் கருங்கரடியே. வடக்கே அலாஸ்கா முதல் தெற்கே மெக்சிகோவின் வடபகுதி வரை இது பரவியுள்ளது. இதன் தொகை ஆறு இலட்சத்திற்குக் குறையாது என்று கணிக்கின்றனர். பெயர் கருங்கரடியாயினும் நிறம் எல்லாவற்றிற்கும் கறுப்பன்று. மேற்குப் பகுதிகளில் பழுப்பு நிறமும் இலவங்கப்பட்டையின் நிறமும் உடையவை பல. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடற்கரைக் காடுகளில் வெண்ணிறமானவையும் சில உண்டு. வளர்ந்த ஆண் பெரும்பாலும் 60 முதல் 225 கிலோகிராம் வரை எடையுள்ளது. பெண் அதனினும் சிறியது. இவ்வளவு பருத்த உடலைத் தூக்கிக்கொண்டு மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் விரைவில் ஓட வல்லது. மனிதருள் எத்துணைச் சிறந்த ஓட்டக்காரனும் அதனை முந்துதல் இயலாது.

அதே நாட்டில் கிரிஸ்லி எனப்படும் பழுப்புக் கரடியும் வாழ்கின்றது. நிறத்தை மட்டும் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய முயல்வோர் ஏமாறுவர். கிரிஸ்லியின் தோளில் எருதின் திமில் போன்ற புடைப்பு உண்டு. கருங்கரடிக்கு அஃது இல்லை. கிரிஸ்லியின் நகம் நீண்டு மண்ணைக் கிண்டுதற்கு ஏற்றதாய் இருக்கும். கருங்கரடியின் நகம் குறுகி வளைந்து மரத்தைப் பற்றுதற்கு ஏற்றதாய் இருக்கும். இந்த நக வேறுபாடு சிறிய செய்தி போலத் தோன்றலாம். இவ்விரு விலங்குகளின் குணவேறுபாடும் இதனோடு தொடர்புடையது என்பர் ஆராய்ச்சியாளர். கருங்கரடி தொன்றுதொட்டு அடர்ந்த காட்டில் வாழ்ந்த விலங்கு. பகை வந்தபோது அது மரத்தில் ஏறித் தப்பியது. தன் குட்டிகளையும் மரத்தில் ஏற்றிக் காத்தது. எதிர்த்துப் போரிட வேண்டிய தேவை அதற்கு மிகுதியாக நேரவில்லை. கிரிஸ்லியோ மரம் அருகிய வெட்டவெளியிலும் வாழ்ந்து பழகியது. ஓடி ஒளிய இடமில்லாத இடத்தில் பகைவனைத் தாக்கித் துரத்துவதே அதற்கு வழியாயிற்று.

நம் நாட்டுக் கரடியை இங்கே நினைத்துப் பார்த்தல் பொருந்தும். பழந்தமிழர் அதனை எண்கு என்றும் உளியம் என்றும் வழங்கினர். அது புற்றைப் பிளந்து கறையானை உண்பதும், இருப்பைப் பூவை விரும்பித் தின்பதும் சங்கப் புலவர் நன்கறிந்த செய்திகள். முதுமலையிலும் முண்டந்துறையிலும் இன்றும் அது வாழ்கின்றது. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்குள்ளும் வந்துபோகின்றது. அது கருமை நிறம் உடையதேனும் அமெரிக்கக் கருங்கரடியின் இனமன்று. புலியும் யானையும் உலவும் நிலத்தில் வாழ்வதால், அண்மையில் திடீரென எதிர்ப்படும் எதனையும் பாய்ந்து தாக்குவது அதன் இயல்பாயிற்று. விறகு பொறுக்கவும் பூப் பொறுக்கவும் சென்று அதனிடம் சிக்கி முகம் சிதைந்தோர் நம் நாட்டிற் பலர். ஆதலின், நம் ஊரார் கரடிக்கு அஞ்சும் அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் அவ்வச்சத்தை அப்படியே கடல் கடந்து கொண்டுபோய் அங்குள்ள கருங்கரடியின்மேல் ஏற்றுதல் பொருந்தாது.

இனி, கருங்கரடியால் இறந்தோர் எத்தனை பேர்? கனடா நாட்டுப் பேராசிரியர் ஸ்டீபன் ஹெரேரோ என்பவர் கரடிகள் மனிதரைத் தாக்கிய நிகழ்ச்சிகளைத் தம் வாழ்நாள் முழுதும் தொகுத்து ஆராய்ந்தவர். அவரும் அவருடைய துணைவரும் 1900 முதல் 2009 வரையிலான செய்திகளைத் திரட்டி 2011-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். அந்த 110 ஆண்டுகளில், காட்டில் வாழ்ந்த கருங்கரடிகளாற் கொல்லப்பட்டோர் 63 பேர். வேட்டைக்காரர், மீன் பிடிப்போர், காட்டில் கூடாரமிட்டுத் தங்கியோர் முதலிய எல்லாரும் அடங்கிய கணக்கு அது. இதற்கு மாறாக, வேட்டைக்காரர் ஒவ்வோராண்டும் கொல்லும் கருங்கரடிகளோ நாற்பதாயிரம் அளவின. யார் யாருக்கு அஞ்சவேண்டும் என்பதை இவ்விரண்டு எண்களும் கூறும். கருங்கரடியின் பல்லாலும் நகத்தாலும் இறப்பதினும், தான் ஏறியிருக்கும் பரணிலிருந்து தவறி விழுந்தும், தன்னுடைய அல்லது தன் கூட்டாளியுடைய துப்பாக்கி தவறி வெடித்தும் வேட்டைக்காரன் இறப்பதே மிகுதி.

எனினும், எண் சிறிதென்று கருதி அவ்வாய்வுரையை மூடிவிடலாகாது. அறிந்துகொள்ள வேண்டியவை அதனுள்ளே உள்ளன. கொலையில் முடிந்த தாக்குதல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, அவற்றுள் நூற்றுக்கு 88 இரை வேட்டையாகவே இருந்தமை தெரிந்தது. அஃதாவது, அக்கரடி அஞ்சியோ சினந்தோ தாக்கவில்லை. மனிதனை உணவாகக் கருதியே தாக்கியது. அவ்வாறு இரைகருதித் தாக்கியவற்றுள் நூற்றுக்கு 92 ஆண் கரடிகள். குட்டியோடு கூடிய தாய்க்கரடியே எல்லாவற்றினும் கொடியது என்பது உலக வழக்கு. கிரிஸ்லியைப் பொறுத்தவரை அதில் உண்மை மிக உண்டு. கருங்கரடித் தாய் மனிதனைக் கொன்ற நிகழ்ச்சிகளோ மிகச் சில. அது குட்டிகளை மரத்தில் ஏற்றிவிட்டு, கீழே நின்று உறுமும், சில வேளை பாய்வதுபோலவும் காட்டும், வழிவிட்டால் போய்விடும்.

கருங்கரடியைப் பற்றி அறியவேண்டுவனவற்றுள் தலையாயது ஒன்று உண்டு. ஓசை செய்யும் கரடி அஞ்சிய கரடி. அது மூச்சைப் புசுபுசுவென்று வெளியே தள்ளும். பற்களைக் கடகடவென்று தட்டும். முன்னங்காலால் தரையை ஓங்கி அறையும். சில அடி தூரம் பாய்ந்து வந்து சட்டென்று நின்றுவிடும். காண்போர் இவற்றைக் கொலைவெறி என்று கருதுவர். உண்மையில் இவையெல்லாம், 'நீ மிக அருகில் வந்துவிட்டாய், எனக்கு அச்சமாயிருக்கின்றது, விலகிப் போ' என்று அது தன் மொழியிற் கூறுவனவாகும். பின்னங்கால்களால் நிமிர்ந்து நிற்பதும் தாக்குதற்கு அறிகுறியன்று. எதிரே இருப்பது யாதென்று பார்ப்பதற்கும் காற்றில் வரும் மணத்தை முகர்வதற்குமே அவ்வாறு நிற்கும். தெருநாயின் குரைப்பைக் கேட்டு அதன் மனத்தை அறிகின்ற நாம், கரடியின் மொழியை அறியாமையால் அஞ்சுகின்றோம். இப்படி அஞ்சி நின்ற கரடியைத் தம்மைக் கொல்ல வந்ததாகக் கருதிச் சுட்டவர்கள் பலர்.

ஓசையற்ற கரடியே கொடியது. அது புதரின் மறைவில் நின்று நோக்கும். நாம் நடந்தால் பின்னே நடக்கும், நின்றால் நிற்கும், சுற்றிவந்து வேறொரு பக்கத்தில் தோன்றும். பல்லைத் தட்டுவதில்லை, உறுமுவதில்லை. நம்மைக் கண்டு விலகாமல் மெல்ல மெல்ல நெருங்கி வரும். பூனை எலியை நோக்கிச் செல்வதைப் பார்த்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் அல்கோன்குவின் பூங்கா என்னும் பெருங்காடு உள்ளது. 1978-ஆம் ஆண்டில் அங்கே மீன் பிடிக்கச் சென்ற சிறுவர் மூவரைக் கருங்கரடி ஒன்று கொன்றது. 1991-ஆம் ஆண்டு அக்டோபரில், அதே பூங்காவின் ஓபியோங்கோ ஏரியிலுள்ள தீவொன்றிற் கூடாரமிடச் சென்ற ஆணும் பெண்ணுமாகிய இருவர் கொல்லப்பட்டனர். இரண்டு முறையும் கொன்றது ஆண் கரடியே.

இன்னும் ஒன்று கூறவேண்டும். கொலை நிகழ்ந்த தாக்குதல்களுள் நூற்றுக்கு 91, தனியாகவோ இருவராகவோ சென்றோர்மேல் நிகழ்ந்தவை. மூவரும் நால்வருமாய்ச் சேர்ந்து பேசிக்கொண்டு செல்வோரைக் கருங்கரடி கொல்லத் துணிதல் மிக அரிது. இடத்தாலும் வேறுபாடு உண்டு. அந்த 63 பேருள் 49 பேர் கனடாவிலும் அலாஸ்காவிலும் இறந்தவர்கள்; ஐக்கிய நாடுகளின் ஏனைய பகுதிகளில் இறந்தோர் 14 பேரே. மனிதரை மிகுதியாகக் கண்டறியாத வடகாட்டுக் கரடி, மனிதனை அஞ்சத்தக்க பொருளாக அறிந்திராமை இதற்கு ஒரு காரணமாகலாம் என்பர். வடக்கே உணவு அருகியிருத்தலும் ஒரு காரணமாகலாம்.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு வேட்டைக்காரன் காட்டில் எவ்வாறு நடக்கின்றான் என்று பாருங்கள். வழிநடைப் பயணி உரக்கப் பேசிக்கொண்டு செல்வான். அங்குள்ளோர் 'ஏ கரடியே' என்று கூவிக்கொண்டு நடப்பதும் உண்டு. வேட்டைக்காரனோ சருகு நொறுங்காமல் அடிவைக்கின்றான். இலையும் கிளையும் வரைந்த ஆடையால் உடலை மறைக்கின்றான். தன் மணம் விலங்குகளை எட்டாதபடி எதிர்காற்றில் செல்கின்றான். விடியற்கருக்கலிலும் அந்திக் கருக்கலிலும் உலாவுகின்றான். அவ்விரு வேளையும் கரடி இரை தேடும் வேளைகள். பெரும்பாலும் தனியாகச் செல்கின்றான். கரடி மனிதனை அறிந்து விலகுதற்குத் துணைசெய்யும் அடையாளங்கள் அனைத்தையும் இவன் தானே முயன்று அழித்துவிடுகின்றான் அல்லவா?

அம்மட்டோ? வேட்டையாடுவோர் சிலர் ஊதுகுழல் கொண்டு விலங்குகளின் குரலை எழுப்புவர். இடருற்ற மான்கன்று கதறுவதுபோன்ற குரலும், காயம்பட்ட முயலின் குரலும் அவற்றுள் உண்டு. நரியையோ மானையோ அழைக்கக் கருதி எழுப்பிய குரல் கரடியின் செவியிலும் விழுகின்றது. எளிதில் உணவு கிடைத்ததென்று அது வருகின்றது. புதரை விலக்கிக்கொண்டு வந்து நிற்கும் கரடியின்மேல் குற்றம் கூற முடியுமா? விருந்துக்கு அழைத்தவன் வேட்டைக்காரனே.

வேட்டையின் பருவமும் கருதத்தக்கது. குளிர்காலத்தில் கருங்கரடி குகையிலோ மரப்பொந்திலோ புகுந்து, உண்ணாமலும் பருகாமலும் பல திங்கள் கிடக்கும். குளிர் மிகுந்த வடபகுதிகளில் ஆறு திங்களுக்கு மேலும் கிடப்பது உண்டு. அதற்குரிய கொழுப்பை இலையுதிர் காலத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்பருவத்தில் நாளொன்றில் இருபது மணி நேரம் வரை தின்றுகொண்டேயிருக்கும். ஓக் மரக் கொட்டைகளும் பீச் மரக் கொட்டைகளும் சிறு பழங்களும் அதற்கு முதன்மையான உணவு. அவை விளையாத ஆண்டில் பசியோடு ஊர்ப்புறம் வரை அலையும். வேட்டைக்காரன் மானை வீழ்த்தி, வயிற்றைக் கீறிக் குடலை அங்கேயே எறிந்துவிட்டு வருவது அப்பருவத்தில்தான். கரடியின் மோப்பம் நாயின் மோப்பத்தினும் சிறந்தது. மாலையில் மானைச் சுட்டு, இருட்டிவிட்டதே என்று காட்டிலேயே கிடத்திவிட்டு, மறுநாட் காலையில் எடுக்கச் செல்பவன், அது கரடிக்கு உடைமையாகிவிட்டிருப்பதைக் காணக்கூடும். அந்நிலையில் மானுக்காக வழக்காடுதல் அறிவுடைமையன்று. வீழ்த்திய விலங்கை விரைந்து அறுத்து அப்புறப்படுத்துவதும், அன்றே எடுத்துச் செல்ல இயலாதாயின் குடலும் குருதியும் கிடக்கும் இடத்தினின்றும் இறைச்சியை நெடுந்தூரம் அகற்றி, தொலைவிலிருந்தே காணத்தக்க இடத்தில் தொங்கவிடுவதும் அனுபவமுள்ளோர் கைக்கொள்ளும் முறைகள்.

கரடியையே வேட்டையாடுவோர்க்கு வேறொரு பேரிடர் உண்டு. குண்டுபட்டும் சாகாது புதருட் புகுந்த கரடியைப் பின்தொடர்வதே அது. கரடியின் தோலடியில் தடித்த கொழுப்பு உண்டு. அது காயத்தின் வாயை அடைத்துவிடும். எஞ்சி வழியும் குருதியையும் அடர்ந்த மயிர் உறிஞ்சிக்கொள்ளும். எனவே, தரையில் குருதித்துளிகளைத் தேடிச் செல்பவனுக்கு வழி தெரியாது போகின்றது. கையில் விளக்குடன் நெருங்கிய புதர்களுக்குள் தவழ்ந்து செல்ல வேண்டியதாகின்றது. அங்கே எட்டடி தூரத்தில் கிடக்கும் கரடிக்கு ஓடும் வலிமை இல்லை. பாயும் வலிமை மட்டும் எஞ்சியிருக்கின்றது. அஞ்சி ஓடுவதையே இயல்பாகக் கொண்ட விலங்கைப் போரிட்டே தீரவேண்டிய நிலைக்குக் கொண்டுவந்தவன் அவன். நன்கு குறிபார்க்க முடியாத தொலைவிலும் வெளிச்சம் மங்கிய வேளையிலும் சுடாதிருத்தலே இவ்விடரைத் தவிர்க்கும் வழி.

வேட்டைநாய்களைக் கொண்டு கரடியை ஓட்டும் வழக்கமும் அந்நாட்டுச் சில மாநிலங்களில் உண்டு. ஓடிக் களைத்த கரடி பெரும்பாலும் மரத்தில் ஏறிவிடும். மரமேறாது திரும்பி நின்றுவிட்டால் நாய்களைக் கிழிக்கும். இதற்குப் பெயர்பெற்ற ஒரு நிகழ்ச்சியைச் சொல்லலாம். 1902-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடோர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பி மாநிலத்தில் கரடி வேட்டைக்குச் சென்றார். வழிகாட்டியாக அமர்ந்தவர் ஹோல்ட் காலியர் என்பவர். அடிமையாகப் பிறந்து, பின்னர் அப்பகுதியிலேயே ஈடிணையற்ற கரடி வேட்டைக்காரர் என்று புகழ்பெற்றவர் அவர். அவருடைய நாய்கள் ஒரு கரடியை நெடுந்தூரம் துரத்தி வளைத்துக்கொண்டன. கரடி நாய் ஒன்றைக் கொன்றது. தலைவரோ அப்பொழுது அவ்விடத்தில் இல்லை. காலியர் நாய்களையும் காக்கவேண்டும். தலைவர் சுடுதற்காகக் கரடியையும் உயிரோடு வைத்திருக்கவேண்டும். ஆகவே, துப்பாக்கியால் சுடாது, அதனைத் தடிபோற் பிடித்துக் கரடியின் தலையில் அடித்து மயக்கி, கயிற்றால் மரத்திற் கட்டிவைத்தார். வந்து பார்த்த ரூஸ்வெல்ட், கட்டுண்ட விலங்கைச் சுடுவது வீரர்க்கு அழகன்று என்று மறுத்துவிட்டார். வாஷிங்டன் போஸ்ட் இதழில் கிளிஃபர்ட் பெரிமன் இதனைச் சித்திரமாக வரைந்தார். அச்சித்திரத்திலிருந்து எழுந்ததே இன்று உலகெங்கும் குழந்தைகள் கட்டிக்கொண்டு உறங்கும் 'டெடி' பொம்மைக் கரடி. டெடி என்பது தியோடோர் என்பதன் செல்லப்பெயர். அக்கரடியின் முடிவை மட்டும் பொம்மை வாங்குவோர் அறிவதில்லை. மிகவும் அடிபட்டிருந்த அதனை, துன்பம் தீரக் கொன்றுவிடுமாறு ரூஸ்வெல்ட்டே பணித்தார்.

கருங்கரடி எதிர்ப்பட்டால் செய்யத்தக்கது யாது? ஓடலாகாது, ஓடுவதைத் துரத்துவது ஊனுண்ணும் விலங்கின் இயல்பு. மரத்தில் ஏறலாகாது, காரணம் முன்னரே கூறினோம். நின்ற இடத்தில் நிமிர்ந்து நின்று, கைகளை உயர்த்தி உருவத்தைப் பெரிதாகக் காட்டி, அமைதியான குரலில் பேசவேண்டும். தான் மானும் அன்று, வேறு விலங்கும் அன்று, மனிதனே என்பதைக் கரடிக்கு அறிவிப்பதே இதன் நோக்கம். அது ஓடுதற்கு வழிவிட்டு, முகத்தைத் திருப்பாமல் மெல்லப் பின்வாங்கவேண்டும். பரண்மேல் இருப்பவனை நோக்கிச் சில வேளை கரடி மரத்தில் ஏறி வருவதுண்டு. பெரும்பாலும் மேலே இருப்பது யாதென்று அறியும் ஆவலினால் வருவதே அது. அசைந்து குரல் கொடுத்தாற் பெரும்பாலானவை இறங்கிவிடும். அப்போது பதறி எழுந்து தவறி விழுவதே பெரிய தீங்கு.

மெல்லப் பின்வாங்கியும் விடாது பின்தொடர்ந்து வருமாயின், அஃது ஓசையற்ற கரடி என்று தெளியவேண்டும். அதன்பின் அடக்கம் உதவாது. கூச்சலிட வேண்டும்; கல்லும் கட்டையும் எறியவேண்டும். மேலே பாய்ந்துவிட்டால் கையிற் கிடைத்ததைக் கொண்டு அதன் முகத்திலும் மூக்கிலும் ஓங்கித் தாக்கவேண்டும். பிணம்போற் கிடத்தல் கூடாது. தன்னைக் காக்கப் பாய்ந்த கிரிஸ்லியிடம் குப்புறப் படுத்துக் கழுத்தைக் கைகளால் மூடி அசையாது கிடந்து பிழைத்தவர் உண்டு. இரை கருதி வந்த கருங்கரடிக்கு முன்னால் அவ்வாறு கிடப்பது, உணவைத் தட்டில் வைத்துக் கொடுப்பதற்கு ஒப்பாகும். கதையில் வந்த கரடி எந்த இனத்தது என்று கதை சொன்னவர் கூறவில்லை!

துப்பாக்கி கையில் இருக்க வேட்டைக்காரனுக்கு இவ்வளவு எதற்கு என்று நீங்கள் வினவலாம். மேற்கூறிய ஹெரேரோவும் டாம் ஸ்மித் என்னும் ஆராய்ச்சியாளரும் பிறரும் இதனையும் ஆராய்ந்திருக்கின்றனர். மிளகாய்க் காரத்தை நீராவிபோலப் பீய்ச்சும் குப்பி ஒன்றை அந்நாட்டார் இடுப்பிற் கட்டிக்கொண்டு செல்வர். அலாஸ்காவில் அதனைப் பயன்படுத்திய நிகழ்ச்சிகளைப் பற்றி 2008-இல் வந்த ஆய்வுப்படி, கருங்கரடிகள்மேல் பீய்ச்சியபோது நூற்றுக்குத் தொண்ணூறு முறை அவை தம் செயலை நிறுத்தின. கரடியை அண்மையில் எதிர்ப்பட்டு அதனைப் பயன்படுத்தியவர்களுள் நூற்றுக்கு 98 பேர் காயமின்றித் தப்பினர். 2012-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, அலாஸ்காவில் துப்பாக்கியோடு கரடியை எதிர்ப்பட்ட 269 நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டது. அவற்றுட் பெரும்பாலானவை பழுப்புக் கரடியோடு நேர்ந்தவை. துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்க்கும், கையில் வைத்திருந்தும் பயன்படுத்தாதவர்க்கும் நேர்ந்த காயத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பாய்ந்து வரும் விலங்கை நோக்கித் துப்பாக்கியைத் தோளில் நிறுத்திக் குறிபார்க்க நேரம் கிடைப்பதில்லை என்பதே அதன் உட்பொருள். சிறு குப்பிதானே என்று அதனைப் பைக்குள் அடியில் வைத்துக் கட்டிக்கொண்டு செல்வோரும் உளர். கைக்கு எட்டாத மருந்து நோய்க்கு ஆகுமா?

இதுவரை உயிருள்ள கரடியைப் பற்றிக் கூறினோம். இறந்த கரடியாலும் வேட்டைக்காரர்க்குத் தீங்கு உண்டு என்றால் நீங்கள் வியப்படையக்கூடும். கருங்கரடியின் இறைச்சியை வேட்டைக்காரர் உண்பர். அதன் தசைநார்களுக்கிடையே டிரிக்கினெல்லா என்னும் நுண்ணிய புழு சுருண்டு கிடத்தல் உண்டு. அரைவேக்காட்டு இறைச்சியோடு அது மனிதன் வயிற்றுக்குள் புகுமாயின், அங்கே இனம்பெருக்கி, அதன் குஞ்சுகள் குருதி வழியே சென்று மனிதனுடைய தசைக்குள் தங்கிவிடும். காய்ச்சலும் தசைவலியும் கண்ணைச் சுற்றி வீக்கமும் உண்டாகும். சிலருக்கு இதயமும் பழுதுபடும். பன்றியிறைச்சியில் உள்ள இத்தகைய புழு உறைகுளிரில் வைத்தால் மாயும். வடநாட்டுக் கரடியில் உள்ள வகையோ பனியிலும் மாயாதது.

2022-ஆம் ஆண்டில் ஒரு குடும்பத்தார் ஐக்கிய நாடுகளின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஒன்றுகூடினர். அவர்களுள் ஒருவர் கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்து வடபகுதியில் வேட்டையாடிய கருங்கரடியின் இறைச்சியைக் கொணர்ந்திருந்தார். அது 45 நாள் உறைபெட்டியில் இருந்தது. அதனைக் காய்கறித் துண்டுகளோடு கம்பியிற் கோத்து நெருப்பில் வாட்டினர். இறைச்சி இயல்பிலேயே கருநிறமானதால் வெந்ததும் வேகாததும் வேறுபாடு தெரியவில்லை. பாதி உண்டபின்னரே வேகவில்லை என்பதை உணர்ந்து மீண்டும் நெருப்பில் இட்டனர். விருந்துண்ட ஒன்பதின்மருள் அறுவர் நோயுற்றனர். மூவர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். அந்த அறுவருள் இருவர் இறைச்சியைத் தொடாதவர்கள். அதே கம்பியில் அதனோடு வெந்த காய்கறிகளை மட்டும் உண்டவர்கள். இறைச்சியின் உட்பகுதி 74 பாகை செல்சியசு வெப்பத்தை எட்டும்வரை வேகவைத்தால் இப்புழு எஞ்சாது. அதனைக் கண்ணால் அறிய இயலாமையால், வெப்பமானியை இறைச்சியின் நடுவிற் குத்திப் பார்க்குமாறு அந்நாட்டு நலவாழ்வுத் துறையினர் வேட்டைக்காரர்க்கு அறிவுறுத்தி வருகின்றனர்.